டர்பன் சுங்கான்காரர்களின் அன்றாடத் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டு முன்வராந்தாவில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அந்த வாரத்தில் எந்த நாளில் எந்தச் சுங்கானை எடுத்தோம், அதில் எந்தப் புகையிலையை வைத்தோம், அது எப்படி எரிந்தது என்று ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்வது வழக்கம். புதிதாக வருபவர்களும் எங்கள் வீட்டாரும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இளையவர்கள் பைப் என்று சொல்வதையே, எங்கள் தாத்தாக்களிடமிருந்து வந்த பழக்கத்தால், நான் சுங்கான் என்று எழுதுகிறேன்.

அண்ணா, இன்றைக்கு எந்தச் சுங்கான், எந்தப் புகையிலை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது?

சுங்கான் பிடிப்பதில் ஒரே நேரத்தில் பல பொருள்கள் மாறுகின்றன. புகையிலையின் ஈரம், அதை அடைக்கும் கிண்ணத்தின் ஆழம், அடைத்த விதம், இழுக்கும் வேகம், அன்றைய வானிலை, சற்றுமுன் உண்ட உணவு ஆகிய எல்லாம் சேர்ந்துதான் சுவையை முடிவு செய்கின்றன. எது மாறியதால் சுவை மாறியது என்பதை நினைவைக் கொண்டு மட்டும் கண்டுபிடிக்க முடியாது. தினமும் எழுதி, வாரத்துக்கு ஒருமுறை பிறர் முன்னால் படிக்கும்போது அது தானாகத் தெரியவருகிறது.

இதில் சற்றுப் பெருமை காட்டுதலும் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். புதிய சுங்கான் வாங்கியவர் அதை மூன்று வாரம் தொடர்ந்து குறிப்பேட்டில் எழுதிக் கொண்டு வருவார். நாங்களும் கண்டுகொள்ளாதது போல் கேட்டுக்கொண்டிருப்போம்.

புகையிலைப் பெயர்கள் ஒன்றும் புரியவில்லை. அடிப்படையாக எத்தனை வகை?

விர்ஜீனியா என்பது சூடேற்றிய அறையில் பதப்படுத்தும் இலை. அதில் சர்க்கரை மிகுதி. பர்லி காற்றில் உலர்த்தும் இலை. அதில் சர்க்கரை மிகக் குறைவு என்பதால், சேர்க்கும் வாசனையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஓரியண்டல் துருக்கி, கிரேக்கப் பகுதிகளின் சிறிய நறுமண இலை. லட்டாக்கியா சிரியாவின் துறைமுகத்தால் பெயர் பெற்றது. சைப்ரசிலும் செய்யப்படும் அந்த இலையை மணமுள்ள விறகுப் புகையில் பல வாரங்கள் ஊட்டி எடுப்பதால், டப்பாவைத் திறந்தவுடன் கருவாடு சுட்ட அடுப்படியின் வாசம் வரும். பெரிக் அமெரிக்காவின் லூயிசியானாவில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைப்பது. அதை மிளகைப் போலச் சிறிதளவே கலக்க வேண்டும்.

கேவண்டிஷ் என்பதைப் பலரும் ஓர் இலை என்று நினைக்கிறார்கள். அது ஒரு பக்குவமுறை. இலையை ஆவியாலும் அழுத்தத்தாலும் மென்மையாக்கி, பெரும்பாலும் இனிப்பும் சேர்ப்பார்கள். கடையில் வெண்ணிலா, செர்ரி வாசனையோடு விற்பவற்றில் பெரும்பாலானவை இந்த முறையில் செய்தவையே.

குறிப்பேட்டில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

நாள், நேரம், வானிலை, சுங்கான், புகையிலை, அந்த டப்பாவைத் திறந்த தேதி, புகைக்கும்முன் எவ்வளவு நேரம் உலர்த்தினோம், எத்தனை முறை மறுபடி பற்றவைத்தோம், கடைசியில் கிண்ணத்தின் அடியில் சாம்பல் இருந்ததா ஈரச் சக்கை இருந்ததா என்பன போதும். சுவையைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டியதில்லை.

சற்றுமுன் என்ன சாப்பிட்டோம் என்பதையும் விட்டுவிடக் கூடாது. கால் ரொட்டியைக் குடைந்து ஆட்டுக்கறி நிரப்பிய பன்னி சௌவைச் சாப்பிட்ட நாக்குக்கு, எவ்வளவு நல்ல விர்ஜீனியாவும் வெறும் வெந்நீர்போல்தான் இருக்கும். ஒரு மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும், அல்லது லட்டாக்கியா மிகுந்த கலவையை எடுக்க வேண்டும்.

புகையை உள்ளே இழுப்பதில்லையே, அதனால் சுங்கானில் கேடு இல்லை என்பது உண்மைதானே?

உண்மையில்லை. சுங்கான் புகையிலையின் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் சேரும். உதடு, நாக்கு, வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்தைச் சுங்கான் கூட்டுகிறது. இருதய நோயும் இந்தப் பட்டியலிலிருந்து விலகி நிற்கவில்லை. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதுவரை புகைக்காத ஒருவர் எங்கள் வராந்தாவுக்கு வந்தால் தேநீர் கொடுப்போம், சுங்கான் பிடிக்கச் சொல்லித்தரமாட்டோம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் 18 வயதுக்குக் கீழுள்ளவருக்குப் புகையிலை விற்பதைத் தடுக்கின்றன. 12 வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வண்டியிலும் புகைக்கக் கூடாது. பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் ஞாயிறுகளில் எங்கள் கூட்டம் நடப்பதில்லை, இதற்குச் சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

டப்பாவைத் திறந்தவுடன் புகைக்கலாமா, உலர்த்த வேண்டுமா?

டர்பனில் பெரும்பாலும் உலர்த்த வேண்டும். ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையே அழுத்திப் பார்க்க வேண்டும். உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், பொடிந்தால் காய்ந்துவிட்டது, மெல்ல விரிந்து வந்தால் சரி. தட்டில் பரப்பி இருபது முப்பது நிமிடம் வைத்தால் சாதாரண நாளில் போதுமானது.

தைப்பூசக் காவடி எடுக்கும் நாள்கள் எங்கள் ஊரின் வேர்வைக் காலம். அப்போது தட்டில் வைத்த புகையிலை உலர்வதற்குப் பதிலாக மேலும் ஈரம் குடிக்கும். அந்த மாதங்களில் மேசை விளக்கின் கீழே பத்து நிமிடம் வைப்பது என் வழக்கம். வாசனை சேர்த்த சில புகையிலைகளில் ஈரத்தைக் காக்கும் புரோப்பிலீன் கிளைகால் கலந்திருப்பதால், அவை எவ்வளவு நேரம் வைத்தாலும் ஒட்டும் தன்மையை இழப்பதில்லை. அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு மெதுவாகப் புகைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எப்படி அடைப்பது, எப்படிப் பற்றவைப்பது?

கிண்ணத்தின் அடியில் தளர்வாகவும், நடுவில் சற்று இறுக்கமாகவும், மேலே இன்னும் இறுக்கமாகவும் மூன்று தடவையாக அடைக்க வேண்டும். குழந்தையின் கை, பெண்ணின் கை, ஆணின் கை என்று பழைய சுங்கான்காரர்கள் இதைச் சொல்வார்கள். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த எங்கள் ஆயா இதைக் கேட்டுவிட்டு, என் கையை எந்தக் கணக்கில் சேர்ப்பாய் என்று கேட்டது இன்றும் எங்களுக்குள் ஒரு வேடிக்கை. அடைத்தபின் பற்றவைக்காமல் இழுத்துப் பார்த்தால், குடிக்கும் குழலில் இழுப்பது போல் லேசான தடை இருக்க வேண்டும்.

தீக்குச்சியின் மருந்து முழுவதும் எரிந்தபின் நெருப்பை வட்டமாகக் காட்டினால், மேலடுக்கு கருகிப் புடைத்து எழும். அதை அமுக்கியால் மெதுவாகத் தட்டிவிட்டு, இரண்டாம் முறை பற்றவைப்பதே உண்மையான தொடக்கம். மறுபடி அணைந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐந்தாறு முறை பற்றவைப்பவர்களே எங்களில் அதிகம்.

நாக்கு சுட்டதுபோல் எரிகிறது. புகையிலை மட்டமானதா?

பெரும்பாலும் புகையிலையின் குற்றமல்ல. ஈரமான புகையிலையை வேகமாக இழுக்கும்போது புகையோடு நீராவியும் நாக்கில் படுகிறது, எரிச்சலில் பெரும்பங்கு அதுவே. மேலே உலர்த்துவதைப் பற்றிச் சொன்னதை முதலில் செய்து பார்க்க வேண்டும். அதன் பிறகும் எரிந்தால் இழுக்கும் வேகத்தைப் பாதியாக்க வேண்டும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாத சூடாக இருந்தால் கீழே வைத்துவிட்டு அணையவிட வேண்டும்.

சர்க்கரை மிகுந்த விர்ஜீனியா சிலருக்கு இயல்பாகவே நாக்கைக் கடிக்கும். ஒரு வாரம் பர்லிக்கு மாறி, இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

எந்தப் புகையிலைக்கு எந்தச் சுங்கானை எடுப்பது?

எங்கள் கூட்டத்தில் மிகுதியாக வாதிக்கப்படும் கேள்வி இதுவே. குறுகிய, ஆழமான கிண்ணம் தகடாக அழுத்திய விர்ஜீனியாவுக்குப் பொருந்தும் என்பதும், அகன்ற கிண்ணம் லட்டாக்கியாக் கலவைக்குப் பொருந்தும் என்பதும் பொதுவான கருத்து. அகன்ற வாயில் பல இலைகள் ஒரே நேரத்தில் எரிவதால் கலவையின் பல சுவைகளும் ஒருங்கே வருகின்றன என்று காரணம் சொல்வார்கள். என் அனுபவத்தில் இது பாதிதான் உண்மை, கிண்ணத்தின் வடிவத்தைவிட அதில் முன்பு எதைப் புகைத்தோம் என்பதே பெரிது. மீன்குழம்பு வைத்த மண்சட்டியில் பாயசம் காய்ச்சுவதில்லை அல்லவா? லட்டாக்கியா புகைத்த பிரையர் மரக் கிண்ணம் அந்த வாசனையை மாதக்கணக்கில் விடாது. ஆகவே லட்டாக்கியாவுக்கு ஒன்று, வாசனைப் புகையிலைக்கு ஒன்று, விர்ஜீனியாவுக்கு ஒன்று என்று பிரித்து வைப்பது நல்லது.

முதன்முறை ஒரு புகையிலையைச் சோதிக்கச் சோளக்கட்டைச் சுங்கானே சிறந்தது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1869 முதல் செய்யப்பட்டுவரும் இந்த எளிய பொருள் விலை குறைவு, பழைய வாசனையைப் பிடித்துவைப்பதும் குறைவு. விலையுயர்ந்த சுங்கான் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், ஆனால் அவர்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

ஒரே சுங்கானைத் தினமும் பிடித்தால் என்ன?

பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதரின் வேர்க்கட்டை. அது ஒவ்வொரு முறையும் ஈரத்தை உறிஞ்சுகிறது. உலர ஒரு நாளாவது விடாவிட்டால் சுவை புளிக்கும், மரமும் கெடும். நாளுக்கு ஒருமுறை புகைப்பவருக்கு மூன்று சுங்கான்கள் தாராளமாகப் போதும். முடித்தவுடன் துடைப்புக் கம்பியை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். கிண்ணம் சூடாக இருக்கும்போது வாய்க்குழலைத் திருகிக் கழற்றக் கூடாது, தண்டு பிளந்துவிடும்.

பாக்ஸர் புகைத்தேன் என்று கூட்டத்தில் சொல்லலாமா? சிரிக்கமாட்டீர்களா?

தாராளமாகச் சொல்லலாம். இந்த நாட்டில் உழைப்பாளர்கள் தாளில் சுருட்டியும் சுங்கானில் அடைத்தும் புகைத்துவந்த காரமான புகையிலை அது. அதைச் சொல்லத் தயங்கி, வெளிநாட்டு டப்பாவின் பெயரை எழுதிக்கொண்டு வருபவரின் குறிப்பு யாருக்கும் பயன்படாது. காரம் தாங்காவிட்டால் சிறிய கிண்ணத்தில், வயிறு நிறைய உண்டபின் புகைக்க வேண்டும். வெறும் வயிற்றில் புகைத்தால் தலை சுற்றும்.

கலபாஷ் என்கிறார்களே, அது நம் நாட்டுப் பொருளா? வாங்கலாமா?

நம் நாட்டுப் பொருள்தான், நம் சமையலறைப் பொருளும்கூட. கலபாஷ் என்பது சுரைக்காய், கூட்டுக்கு அரியும் அதே இனம். தென்னாப்பிரிக்காவில் சுங்கானுக்கென்று வளர்க்கும்போது, காய் பிஞ்சாக இருக்கையிலேயே அதன் கழுத்தை வளைத்து வளரவிடுகிறார்கள். முற்றி உலர்ந்ததும் உள்ளே குடைந்து, துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் கிடைக்கும் மீர்ஷாம் என்னும் வெண்ணிறக் கனிமத்தால் ஆன கிண்ணத்தைக் காயின் திறப்பில் பொருத்துகிறார்கள். கிண்ணத்தின் கீழே உள்ள வெற்றிடத்தில் புகை தங்கி, ஈரத்தை விட்டுவிட்டு வருவதால் வறண்டும் குளிர்ந்தும் இருக்கும். வேர்வைக் காலத்துக்கு இதைவிட ஏற்றது இல்லை என்பது என் எண்ணம். வாயில் கவ்வ முடியாத அளவு பெரியது, உட்கார்ந்து கையில் பிடித்துப் புகைக்க வேண்டியது.

இந்த நாட்டின் பெயரைச் சுமக்கும் இன்னொன்று ஊம் பால். டிரான்ஸ்வால் குடியரசுத் தலைவராக இருந்த பால் குரூகரை ஆஃப்ரிக்கான்ஸ் மக்கள் அப்படித்தான் அழைத்தார்கள், பால் மாமா என்று பொருள். தண்டு முழுவதும் வளைந்து கிண்ணம் தாடையருகே தொங்கும் வடிவம் அது, பல்லில் பாரம் குறைவு. ஆனால் துடைப்புக் கம்பி வளைவில் சிக்குவதால் என் வீட்டில் அது அலமாரியிலேயே இருக்கிறது.

மாமா, ஜாடி ஜாடியாக ஏன் சேர்த்துவைக்கிறீர்கள்? பூஞ்சை பிடிக்காதா?

விர்ஜீனியா மூடிய ஜாடியில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் கூர்மை தணிந்து இனிப்பு கனியும். வாசனைப் புகையிலைக்கு அந்தப் பலன் கிடையாது, வைக்க வைக்க வாசனை மங்கும். 2020 மார்ச் 27ஆம் நாள் ஊரடங்கோடு தொடங்கிய புகையிலை விற்பனைத் தடை ஆகஸ்ட் 17ஆம் நாள் நள்ளிரவு வரை நீடித்தபோது, ஜாடி வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களுக்குச் சிட்டிகை சிட்டிகையாகப் பிரித்துக் கொடுத்தோம். அந்த ஐந்து மாதக் குறிப்புகளில் எல்லோருடைய பக்கத்திலும் ஒரே புகையிலையின் பெயர் இருக்கும்.

ஊறுகாய் போடும் கன்சோல் கண்ணாடி ஜாடியைக் கொதிநீரில் கழுவி, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் உலர்த்தி, நிறைத்து மூடி, இருட்டான அலமாரியில் வைக்க வேண்டும். காய்ந்த புகையிலையில் ஆப்பிள் துண்டோ உருளைக்கிழங்குத் துண்டோ போடுவது எங்கள் ஊரில் பூஞ்சையைக் கைதட்டி அழைப்பதாகும். இலையின்மேல் பஞ்சுபோல் படர்ந்து ஈரச்சாக்கு நாற்றம் வந்தால் முழு ஜாடியையும் கொட்டிவிட வேண்டும், நல்ல பகுதியைப் பொறுக்கி எடுக்கக் கூடாது.

புரட்டாசி மாதத்தில் என்ன செய்கிறீர்கள்?

விரதம் அவரவர் வீட்டு வழக்கம், அதில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். எங்களில் பாதிப்பேர் இறைச்சியோடு சுங்கானையும் நிறுத்திவிடுகிறார்கள். சுங்கான்களை ஆழமாகத் துப்புரவு செய்ய அந்த மாதம் வசதியானது. கிண்ணத்தில் உப்பை நிரப்பி, அது நனையும் அளவு தூய எரிசாராயத்தை விட்டு ஓர் இரவு வைத்தால், உப்பு பழுப்பாகிக் கெட்ட வாசனையை இழுத்துவிடும். பிரையருக்கு மட்டுமே இது, மீர்ஷாமுக்கும் சோளக்கட்டைக்கும் செய்யக் கூடாது. மாதம் முடிந்து எடுக்கும் முதல் சுங்கானில் சுவை துலக்கமாகத் தெரியும் என்று எழுதாதவர் இல்லை. அதோடு அப்படியே நிறுத்திவிட்டவர்களும் இருவர் இருக்கிறார்கள். அவர்கள் இன்றும் ஞாயிறன்று வந்து தேநீர் குடிக்கிறார்கள்.

தாத்தாவின் பழைய சுங்கான் பெட்டியில் கிடைத்தது. அதைப் பிடிக்கலாமா?

கிண்ணத்தில் விரிசல் இல்லையென்றால் பிடிக்கலாம். உள்ளே படிந்த கரி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், சூட்டில் மரத்தைவிட அதிகமாக விரிந்து கிண்ணத்தைப் பிளக்கும். ஆகவே பொறுமையாகச் சுரண்டிக் குறைக்க வேண்டும், முழுவதும் நீக்கக் கூடாது. பிறகு மேலே சொன்ன உப்பு முறை. வாய்க்குழல் பச்சையும் பழுப்புமாக மங்கியிருந்தால் அது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர், வெயில் பட்டு அப்படி ஆகியிருக்கும். நீர் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றலாம். தண்டில் பொறித்த எழுத்தைமட்டும் தேய்த்துவிடக் கூடாது, அதைக்கொண்டுதான் எங்கே செய்தது என்று அறிய முடியும்.

லெனேசியாவில் இருக்கும் என் மச்சான் அருமை என்று எழுதிய அதே புகையிலை எனக்குக் கசக்கிறது. யார் சொல்வது சரி?

இருவரும் சரி. லெனேசியா இருக்கும் ஜொஹானஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டரில் இருக்கிறது, அங்கே குளிர்காலக் காற்று மிக வறண்டது. ஜூலையில் லெனேசியாவில் திறந்த டப்பா சில நாள்களிலேயே மொறுமொறுப்பாகும், டர்பனில் அதே டப்பா ஒரு மாதம் ஈரமாகவே இருக்கும். டப்பாவின் பெயர் ஒன்று என்பதால் இருவரும் ஒரே பொருளைப் புகைத்ததாக ஆகாது. இதனால்தான் திறந்த தேதியையும் உலர்த்திய நேரத்தையும் எழுதச் சொன்னேன்.

இதைச் சோதிக்க நாங்கள் ஒருமுறை ஒரே ஜாடியிலிருந்து ஒரே அளவு எடுத்து, ஆறு பேரும் சோளக்கட்டைச் சுங்கானில் வைத்துப் புகைத்தோம். நாலு பேரின் குறிப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. கசக்கிறது என்று எழுதிய இருவரும் மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே முடித்திருந்தார்கள்.

நீங்கள் அத்திப்பழம், ரொட்டி, தோல் என்று சுவை சொல்கிறீர்கள். எனக்குப் புகைதான் தெரிகிறது. நான் என்ன எழுதுவது?

புகை என்றே எழுத வேண்டும். தெரியாத சுவையைத் தெரிந்ததாக எழுதினால், முதல் விடையில் சொன்ன பயன் போய்விடும். நாளடைவில், நேற்றைய புகையைவிட இன்றைய புகை வறண்டது, இனித்தது, தொண்டையில் பிடித்தது என்று ஒப்பிட்டு எழுத வரும். பெயர்கள் அதற்குப் பிறகு வந்தால் வரட்டும். எங்களில் மூத்தவர் ஒருவர் முப்பது ஆண்டுகளாக நன்று, பரவாயில்லை, வேண்டாம் என்ற மூன்று சொற்களை மட்டுமே எழுதிவருகிறார். ஒரு டப்பா வாங்குமுன் நாங்கள் புரட்டிப் பார்ப்பது அவருடைய குறிப்பேட்டைத்தான்.